செல்லாச்சி மாமி வந்த சனிக்கிழமை

எனக்கு இந்தப் பேய், ஆவி எண்ட கதையளிலை ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. இதை முதலே சொல்லிப்போடுறன், ஏனெண்டால் நான் சொல்லி முடிய நீங்கள் என்னை வேறை மாதிரிப் பாப்பியள். நான் வேலை செய்யிறது ஒரு காப்புறுதிக் கொம்பனியிலை. ஆரும் வீட்டிலை தண்ணி ஒழுகினது, அடுப்புத் தானாப் பத்தினது எண்டு எழுதி அனுப்பினால், எப்ப, எப்பிடி, ஆர் பாத்தது எண்டு திருப்பிக் கேக்கிறதுதான் என்ரை தொழில். அப்பிடிப்பட்ட எனக்கு நடந்தது. நம்பினால் நம்புங்கோ, இல்லாட்டி விடுங்கோ, நான் கோவிக்கமாட்டன்.

அப்பா எங்களோடை பரிஸுக்குப் பக்கத்திலை லா கூர்னெவ்விலை இருந்தவர். அம்மா மோசம் போனாப்பிறகு ஊரிலை தனிய விடேலாது எண்டு கூப்பிட்டனாங்கள், வந்து கொஞ்சக் காலத்திலை அவருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துபோச்சு. கதை தெளிவு, நினைவு என்னைவிடத் தெளிவு, ஆனா எழும்பி நடக்கேலாது. கதிரையிலையிருந்து கட்டிலுக்கு மாத்திறதெண்டாலும் நானோ என்ரை மனுசனோ தூக்கிவிடவேணும்.

ஏலாமல் இருக்கேக்கை மனம் எங்கையெல்லாமோ போகும்தானே. அவருக்கு ஒரே ஒரு விசயத்திலை மனம் போய் நிண்டுட்டுது. அவற்றை தகப்பனுக்கு, அதாவது என்ரை அப்பப்பாவுக்கு, ஒரு தங்கச்சி இருந்தவவாம், செல்லாச்சி எண்டு பேர். அப்பாவுக்கு மாமி முறை. அப்பப்பா இளந்தாரியாக் கொழும்பிலை வேலை செய்த காலத்திலை, அங்கை இருந்த ஒரு பிரெஞ்சு வியாபாரி வீட்டிலை கைக்குழந்தையைப் பாக்க ஆள் தேடினவையாம். அப்பப்பாதான் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சேத்துவிட்டவர். பேந்து அந்தக் குடும்பம் பிரான்சுக்குத் திரும்பேக்கை அவவையும் கேட்டிருக்கினம், ரெண்டு வருசத்திலை திருப்பி அனுப்புறம் எண்டு. அவரே கப்பலடி வரைக்கும் போய் ஏத்திவிட்டவராம். அவ்வளவுதான். அதுக்குப் பிறகு ஒரு சங்கதியும் இல்லை. அவவுக்கு எழுத்து வாசிப்பும் தெரியாது.

அந்தப் பேரை வீட்டிலை ஒருத்தரும் எடுக்கிறேல்லையாம். ஆனா அப்பப்பா சாகக்கிடக்கேக்கை அப்பாவின்ரை கையைப் பிடிச்சு, "செல்லாச்சிக்கு எள்ளுந் தண்ணியும் இறைக்க ஆரும் இல்லையடா" எண்டு அழுதவராம். இதைத்தான் அப்பா எனக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லுறது.

"நீயும் இந்த நாட்டிலைதானே இருக்கிறாய் பிள்ளை. ஒருக்கா விசாரிச்சுப் பார்."

"அப்பா, நீங்கள் கண்ணாலையே காணாத ஆள். நூறு வருசக் கதை. நான் ஆரைப் போய் விசாரிக்கிறது?"

"ஆளை ஆர் கேட்டது? திதியை மட்டும் கண்டுபிடிச்சுத் தா. செய்துபோட்டுப் போறன்."

திதி தெரியாமல் திவசம் செய்யேலாது, உங்களுக்குத் தெரியும். ஆடி அமாவாசையோடை சேத்துச் செய்யலாம் எண்டு ஐயர் சொன்னாலும் அப்பாவுக்கு ஏறேல்லை. அவவுக்கெண்டு ஒரு நாள் வேணுமாம்.

என்னோடை வேலை செய்யிற ஒரு பிரெஞ்சு மனுசிக்குப் பரம்பரை தேடுறதுதான் பொழுதுபோக்கு. அவதான் ஒருநாள் சாப்பாட்டு நேரம் சொன்னா, பரிஸின்ரை பழைய குடிசனக் கணக்கெடுப்பு எல்லாத்தையும் படம்பிடிச்சு இணையத்திலை போட்டிருக்கிறாங்கள் எண்டு. 1926ஆம் ஆண்டு, 31ஆம் ஆண்டு, 36ஆம் ஆண்டு. சரி பாப்பம் எண்டு திறந்தால், பேரைப் போட்டுத் தேட வழியில்லை. தெருத் தெருவா, வீடு வீடா, ஆரோ கையாலை எழுதின பக்கங்களை ஒவ்வொண்டா வாசிக்கவேணும். முழுப் பரிஸும்! எனக்கு விசர்தான் பிடிச்சுது.

எங்கை தொடங்கிறது எண்டு தெரியாமல், எனக்குத் தெரிஞ்ச தெருக்களிலை தொடங்குவம் எண்டு, எங்கடை தமிழ்க் கடையள் இருக்கிற லா சப்பலைத் திறந்தன். வேறை ஒரு காரணமும் இல்லை, சத்தியமா. முருங்கைக்காய் வாங்கிற தெரு, பிள்ளையளுக்குத் தலைமயிர் வெட்டிற தெரு எண்டு பாத்துக்கொண்டு போனன். பின்னேரங்களிலை சமைச்சுப்போட்டு, அப்பாவுக்குப் பக்கத்திலை இருந்து பாப்பன். "இண்டைக்கு எந்தத் தெருவடி?" எண்டு கேப்பார். தையற்காரர், ரயில்வேக்காரர், இத்தாலிக்காரர், போலந்துக்காரர் எண்டு நான் வாசிக்க, அவர் "பாவங்கள், எல்லாம் எங்களைப்போலை வந்ததுகள்" எண்டு சொல்லிக்கொண்டிருப்பார். உண்மையைச் சொன்னால் அந்தக் கிழமையள்தான் நானும் அப்பாவும் ஒண்டா இருந்து கனக்கக் கதைச்ச காலம்.

ஒருநாள் 26ஆம் ஆண்டுப் பதிவிலை, ரூ பிலிப் து ஜிரார் எண்ட தெருவை வாசிச்சுக்கொண்டு போறன், "செலாஷி" எண்டு ஒரு பேர். பிறந்த இடம், சிலோன். தொழில், உடுப்பு மினுக்கிறவ, அதாவது அயன் பண்ணுறவ. தனிய இருக்கிறா. 31இலையும் அதே வீட்டிலை இருக்கிறா. 36இலை இல்லை.

நான் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். அவர் "உடுப்பு மினுக்கினவவோ" எண்டு மட்டும் கேட்டார். அந்த வியாபாரி வீட்டுக்காரரிட்டையிருந்து ஏன் பிரிஞ்சா, ஏன் ஊருக்கு வரேல்லை, ஒண்டும் தெரியாது. இண்டைக்கும் தெரியாது. நாங்கள் கடை கடையா ஏறி இறங்கிற தெருவுக்குப் பக்கத்திலை, எங்கடை சனத்திலை ஒரு குருவிகூட இல்லாத காலத்திலை, அவ தனிய இருந்து ஆற்றையோ சேட்டுகளை மினுக்கியிருக்கிறா.

31க்கும் 36க்கும் இடையிலை செத்திருக்கலாம் எண்டு நினைச்சு, பதினெட்டாம் வட்டார மெரிக்கு, நகரசபைக்கு, மரணப் பதிவு கேட்டு எழுதிப் போட்டன். பதில் வர முதல் அந்த வீட்டை ஒருக்காப் பாத்திட்டு வருவம் எண்டு தோன்றிச்சுது. அது 2016, தை மாதத்திலை ஒரு சனிக்கிழமை.

மனுசன் வேலைக்குப் போட்டார், பிள்ளையள் பந்தடிக்கப் போட்டாங்கள். நான் அப்பாவைக் கதிரையிலை யன்னலடியிலை இருத்தி, பழைய பெனியனும் சுவெற்றரும் போட்டுவிட்டு, சோறு கறியைப் பக்கத்திலை சின்ன மேசையிலை மூடி வைச்சிட்டு, வெளியாலை கதவைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டன். பின்னேரம் இன்சுலின் போட நேர்ஸ் வரும், அவையிட்டை ஒரு திறப்பு இருக்கு. அண்டைக்கு வழமையா வாற நேர்ஸ் லீவு, பதிலுக்கு ஒரு புது ஆள் வருவா எண்டு சொல்லியிருந்தவை.

ரூ பிலிப் து ஜிரார் வீட்டு வாசல் கதவுக்கு இலக்கம் அமத்தவேணும். ஆரோ வெளியிலை வர நான் உள்ளுக்குப் பூந்தன். எந்த மாடி எண்டு பதிவிலை இல்லை, ஆனா தனிய இருந்த ஏழைப் பொம்பிளையளுக்கு மேல்தட்டிலை இருக்கிற சின்ன அறையளைத்தான் குடுக்கிறது. ஏறினன். மேலை ஒரு ஒடுங்கின நடை, ரெண்டு பக்கமும் கதவுகள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிக்க, ஒரு கதவுக்குப் பின்னாலை ஒரு பொம்பிளையின்ரை குரல் தமிழிலை கேட்டுது. எனக்கு உயிர் போட்டு வந்தது!

கதவு திறந்துது. கோயம்புத்தூர்ப் பிள்ளை ஒண்டு, காதிலை போன்.

"யாருக்கா வேணும்? நீங்க சிலோனா? அட, உள்ள வாங்க அக்கா. ரூம் குட்டியூண்டு, கண்டுக்காதீங்க."

கெமிஸ்ட்ரியிலை ரிசர்ச் செய்யிறாளாம். நான் விசயத்தைச் சொன்னன்.

"அக்கா, அவங்க இந்த ரூம்லயா இறந்தாங்க?"

"தெரியாதம்மா. எந்த அறை எண்டே தெரியாது. நீங்கள் பயப்பிடாதேங்கோ."

தேத்தண்ணி போட்டுத் தந்தாள். நான் அந்த அறையைச் சுத்திப் பாத்தன். ஒரு கட்டில், ஒரு மேசை, கூரையிலை ஒரு சின்ன யன்னல். உங்களுக்கு ஒளிக்கேல்லை, எனக்கு உள்ளுக்கை ஒரு ஆசை இருந்தது, ஏதாவது தெரியும், ஒரு மணம், ஒரு குளிர்காத்து எண்டு. ஒண்டும் இல்லை. ஒரு வெறும் அறையிலை ஒரு வெறும் பின்னேரம். அந்தப் பிள்ளை கீழை வரைக்கும் வந்து வழியனுப்பிவிட்டாள்.

கார் து நோர்ட்டிலை ரயில் எடுத்து வீட்டை வரேக்கை இருட்டுப் பட்டுக்கொண்டு வருது. கதவு நான் பூட்டின மாதிரியே பூட்டியிருந்தது. திறந்து உள்ளுக்குப் போறன், அப்பா கதிரையிலை இருக்கிறார். ஆனா நான் விட்டிட்டுப் போன அப்பா இல்லை அது.

தலை இழுத்து, நேர் வகிடு எடுத்திருக்கு. அப்பா என்ரை வாழ்நாளிலை நேர் வகிடு எடுத்ததை நான் காணேல்லை. பெனியனும் சுவெற்றரும் கழட்டி மடிச்சுக் கிடக்கு. போட்டிருக்கிறது வெள்ளைச் சேட், அலுமாரிக்குள்ளை அடியிலை கசங்கிக் கிடந்த சேட். அது மினுக்கி, கை மடிப்பு ரெண்டும் கத்தி மாதிரி நிக்குது. நான் மூடிவைச்ச சோறு அப்பிடியே இருக்கு. குசினியிலை ஒரு சட்டி கழுவிக் கவிட்டு வைச்சிருக்கு, ஈரம் காயேல்லை. எங்கடை அயன் பெட்டி, வயர் சுத்தினபடி அலுமாரிக்கு மேலை, தூசியோடை.

"அப்பா, ஆர் வந்தது?"

"செல்லாச்சி மாமி வந்தவ. கஞ்சி காய்ச்சித் தந்தவ."

சாதாரணமாச் சொல்லுறார், பக்கத்து வீட்டுக்காரி வந்திட்டுப் போனமாதிரி. நான் கட்டில் விளிம்பிலை இருந்திட்டன்.

"உங்களுக்கு எப்பிடியப்பா தெரியும் அவதான் எண்டு? நீங்கள் ஒரு படம்கூடக் காணேல்லையே?"

"உன்ரை அப்பப்பான்ரை மூக்கு. அப்பிடியே ஐயான்ரை மூக்கு."

"என்ன கதைச்சவ?"

"கனக்க இல்லை. தலை இழுத்துக்கொண்டு கேட்டா, அண்ணை என்னைத் தேடினவரோ எண்டு. சாகுமட்டும் தேடினவர் மாமி எண்டன். சரி எண்டா." அப்பாவின்ரை நல்ல கண்ணாலை தண்ணி ஓடுது, துடைக்கக்கூட இல்லை. "பேந்து நான் நேரையே கேட்டன், மாமி உங்கடை திதி என்ன எண்டு. சிரிச்சா. மாசி, அபரபக்கச் சஷ்டி எண்டா."

அபரபக்கம் எண்டால் தேய்பிறை, அதிலை ஆறாம் நாள். எனக்கு உடனை வந்த நினைப்பு என்ன தெரியுமோ? மற்றப் பக்கமும் விழுந்திட்டுது, மூளையிலை ஏதோ நடந்திட்டுது எண்டு. அண்டைக்கு இரவே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடினன். எல்லாப் படமும் எடுத்துப்போட்டு, புதுசா ஒண்டும் இல்லை, போன முறையைவிட நல்லா இருக்கிறார் எண்டிச்சினம். கீழ்வீட்டு அல்ஜீரியா மனுசியைக் கேட்டன், நீங்கள் வந்தனீங்களோ எண்டு. இல்லை. நேர்ஸுகளின்ரை கபினேக்கு, அவையின்ரை அலுவலகத்துக்கு, போன் எடுத்தன். புது நேர்ஸ் வந்து ஊசி போட்டது உண்மை, ஆனா அவ அண்டைக்கு ஒருநாள்தான் வந்தவ, அடுத்த நாளே மார்த்தினிக் தீவுக்குத் தாயைப் பாக்கப் போட்டா எண்டு சொல்லிச்சினம். சரி, அவதான் சேட்டை மாத்தியிருப்பா, கஞ்சியும் காய்ச்சியிருப்பா, அப்பா ஏதோ குழம்பிப்போய்ச் சொல்லுறார் எண்டு என்ரை மனசை நானே அடக்கினன். இன்சுலின் போட வந்த ஆள் ஏன் கஞ்சி காய்ச்சவேணும், எதாலை சேட்டை மினுக்கினவ எண்டு கேக்கவேண்டிய நான், கேக்கேல்லை.

ஒரு மூண்டு கிழமையாலை மெரியிலையிருந்து பதில் வந்தது. செலாஷி, சிலோனிலை பிறந்தவ, உடுப்பு மினுக்கிறவ, கலியாணம் கட்டாதவ, ரூ பிலிப் து ஜிராரிலை இருந்தவ, 34ஆம் ஆண்டு மார்ச் மாத முதல் கிழமையிலை ஆசுப்பத்திரியிலை செத்தவ. நான் அந்தத் திகதியை மட்டும் ஒரு துண்டிலை எழுதிக்கொண்டு லா சப்பலிலை ஐயரிட்டைப் போனன். அப்பா சொன்னதை ஐயருக்கு நான் மூச்சும் விடேல்லை. அவர் கொம்பியூட்டரிலை பழைய பஞ்சாங்கத்தைத் திறந்து, கண்ணாடியை ஏத்தி இறக்கிப் பாத்தார்.

"மாசி மாதம் பிள்ளை. அபரபக்கம். சஷ்டி."

"வடிவாப் பாருங்கோ ஐயா."

"வடிவாத்தான் பாத்தனான். இந்த வருசம் வாற கிழமை வருது, கெதியா ஆயத்தப்படுத்துங்கோ. ஏன் பிள்ளை, இருங்கோ, தண்ணி குடியுங்கோ."

வீட்டிலைதான் செய்தனாங்கள். அப்பா கதிரையிலை, அதே வெள்ளைச் சேட்டோடை. அவருக்கு வலக்கை தூக்கேலாது, தர்ப்பையை விரலிலை போட்டு, நான் அந்தக் கையை என்ரை கையாலை தாங்கிப் பிடிக்க, எள்ளுந் தண்ணியும் இறைச்சவர். பேர் சொல்லுங்கோ எண்டு ஐயர் கேக்க, அப்பா வடிவா, உரத்து, "செல்லாச்சி" எண்டார். எங்கடை வீட்டிலை அப்பிடி ஒரு சத்தம் அவரிட்டையிருந்து நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. என்ரை ரெண்டு பிள்ளையளும் ஒண்டும் விளங்காமல், ஆனா வாயை மூடிக்கொண்டு நிண்டாங்கள். அண்டைக்கு அப்பா ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வருச மாசியிலையும் செய்துபோட்டுத்தான் போனவர். வைகாசியிலை, நித்திரையிலை. முகத்திலை ஒரு நோவும் இல்லை.

செத்தவீட்டுக் காரியம் எல்லாம் முடிய, மிஞ்சிக் கிடந்த ஊசியள், மருந்துச் சாமான் எல்லாத்தையும் கட்டிக்கொண்டு, ஒரு பெட்டி இனிப்பும் வாங்கிக்கொண்டு நேர்ஸுகளின்ரை கபினேக்குப் போனன். அவையள் அப்பாவை நல்லாப் பாத்ததுகள். அங்கை ஒரு கறுத்தப் பொம்பிளை, சிரிச்ச முகம், என்ரை பேரைக் கேட்டிட்டுத் திரும்பிப் பாத்தா.

"அந்த யன்னலடியிலை இருந்த ஐயாவின்ரை மகளோ? நான் ஒரேயொரு நாள் வந்தனான், ஒரு சனிக்கிழமை. அதுக்குப் பிறகு ஊருக்குப் போய் இப்பதான் திரும்பி வந்தனான். ஐயோ, மோசம் போட்டாரோ? உங்கடை பெரியம்மா எப்பிடி இருக்கிறா?"

நான் எந்தப் பெரியம்மா எண்டு பிரெஞ்சிலை கேட்டன்.

"அவதானே எனக்குக் கதவு திறந்தவ. நான் திறப்பைப் போட முதலே திறந்திட்டா. சின்ன உருவம். நான் ஊசி போட்டு முடியக் கடைசி அறைக்குள்ளையிருந்து கையைத் துடைச்சுக்கொண்டு வந்து கதைச்சவ. என்ன வடிவான பிரெஞ்சு! இப்ப ஒருத்தரும் அப்பிடிக் கதைக்கிறேல்லை, பழைய காலத்துப் பிரெஞ்சு." அவ திடீரெண்டு நெத்தியிலை கையை வைச்சா. "ஐயோ மதாம், உங்களுக்கு ஒண்டு சொல்லச் சொன்னவ, நான் மறந்தேபோனன். மகள் எங்கை எண்டு கேட்டனான். அதுக்கு அவ சொன்னா, 'என்னைத் தேடிக்கொண்டு பழைய வீட்டுக்குப் போட்டாள், பாவம், அவ்வளவு படியும் ஏறப்போறாள். நான் இப்ப அங்கை இல்லை, இவையளோடைதான் இருக்கிறன் எண்டு அவளிட்டைச் சொல்லிவிடுங்கோ' எண்டு. நீங்கள் ஏதோ விலாசம் மாறிப் போட்டியள் எண்டுதான் நான் நினைச்சனான்."

நான் இனிப்புப் பெட்டியைக் குடுத்தனோ, மேசையிலை வைச்சனோ, தெரியாது. வெளியிலை வந்து பஸ் தரிப்பிலை இருந்திட்டன். கனக்க பஸ் போட்டுது.

எங்கடை கடைசி அறை பிள்ளையளின்ரை அறை. அவங்களிட்டை நான் இதைச் சொல்லேல்லை. அவங்கள் அங்கை நல்லாத்தான் நித்திரை கொள்ளுறாங்கள், ஒரு கெட்ட கனவுகூடக் கண்டு எழும்பினதில்லை.

இப்ப எங்களுக்குப் பியர்ஃபித்திலை வீடு கிடைச்சிருக்கு. லிஃப்ட் இருக்கு, ஆளுக்கொரு அறை, யன்னலாலை பாத்தால் மரம் தெரியும். ஏன் கையெழுத்து வைக்கிறாயில்லை எண்டு மனுசன் ஒவ்வொரு நாளும் கேக்கிறார். நான் அவருக்கு என்னத்தைச் சொல்லுறது? போன கிழமை ஆரும் இல்லாத நேரம் பாத்து, அந்த அறை வாசலிலை நிண்டு, மாமி, நாங்கள் வீடு மாறப்போறம், நீங்களும் வாங்கோ எண்டு சத்தமாச் சொன்னன். புது விலாசத்தை ஆறுதலா, விளங்கிறமாதிரிச் சொன்னன். எழுத்து வாசிப்புத் தெரியாத மனுசி எண்டு நினைவு வர, கார் து நோர்ட்டிலையிருந்து எந்த ரயில், எங்கை இறங்கிறது எண்டும் சொன்னன்.

சொல்லிப்போட்டுக் கொஞ்ச நேரம் நிண்டு பாத்தன். ஒரு சத்தமும் இல்லை. விளங்கிச்சுதோ, விளங்கேல்லையோ எண்டு தெரியாமல், நான் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை.